ஓரம்

பெட்டிக்குள் மைனஸ் இருபத்திரண்டு.
ஜன்னலுக்கு வெளியே, ஔலு நகரத்தில், மைனஸ் இருபத்தேழு.
திசுவை உறைய வைக்கும் இந்த இயந்திரம்தான்
இன்று ஊரிலேயே கதகதப்பான இடம் என்கிறான் பெர்த்து.
மார்கெத்தா சிரிக்கவில்லை.
அறுவை அரங்கிலிருந்து வரவேண்டிய துண்டு இன்னும் வரவில்லை.
அதுவரை தட்டில் இருப்பதைப் பார்க்கலாம்.

ஒரு தச்சனின் தொடைக்குள் பதினோரு வருஷம் வளர்ந்தது:
ஒரு கிலோ நானூறு, வெண்ணெய் நிறம்.
செவ்வாய்க்கிழமை தட்டில் இறக்கியபோது
ததும்பி, மெல்ல அடங்கியது.
ஆள் அதற்கென்றே அகலமாகக் கால்சட்டை தைத்துக்கொண்டானாம்.
உயில்கூட எழுதிவிட்டானாம்.
கண்ணாடித் தகட்டில் கொழுப்பு. வெறும் கொழுப்பு.
தனக்கொரு மெல்லிய உறை நெய்துகொண்டு
பக்கத்துத் தசையைத் தோளால் இடித்தபடி இருந்திருக்கிறது,
பதினோரு வருஷமும்.
ஒரு நாளும் உள்ளே நுழையவில்லை.

அடுத்தது மிளகளவு.
நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தியின் முதுகிலிருந்து.
நீச்சலுடை உரசுகிறது, எடுத்துவிடுங்கள் என்றாளாம்,
அடுத்த வாரம் போட்டி இருக்கிறதாம்.
மார்கெத்தா தகட்டை நகர்த்துகிறாள்.
நடுவில் அவள் அதிகம் நிற்பதில்லை.
நடுவில் எல்லாமே ஓரளவு ஒழுங்காய் நடித்துவிடும்.
ஓரத்துக்குப் போகிறாள்.

ஓரம் இல்லை.

ஒற்றை ஒற்றையாய், மடியில் கரியோடு,
அடிச்சவ்வைத் தாண்டி இறங்கியிருக்கின்றன செல்கள்.
இரண்டாகப் பிரிய வேண்டிய ஒன்று
மூன்றாகக் கிழிந்துகொண்டிருக்கிறது.
நிணநீர்க் குழாயொன்றில் இரண்டு பேர்
பயணச்சீட்டு வாங்கிவிட்டவர்கள் போல
பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஆழம் அளக்கிறாள்: ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
மறுபடி அளக்கிறாள்.
அதே ஒன்று புள்ளி இரண்டு.

அந்த ஊர்ப் பேச்சில் இந்த நோயின் பெயர்
தின்பது என்ற சொல்லிலிருந்து வருகிறது.
நாம் புற்று என்கிறோம்.
மேலே தெரியும் மண் ஒரு கைப்பிடிதான்.
கீழே எத்தனை வழி என்று
குடியிருக்கும் பாம்புக்கும் தெரியாது.

கதவு திறக்கிறது. துண்டு வந்துவிட்டது.
இல்மோ பெசோனென், ஐம்பத்தெட்டு, பனிவண்டி ஓட்டுநர்.
அவன் மண்டையோடு இந்த நிமிடம்
மூன்று மாடிக்கு மேலே திறந்திருக்கிறது.
பெர்த்து உறைய வைக்கிறான், சீவுகிறான், சாயம் ஏற்றுகிறான்.
தகட்டில் சுழி சுழியாய்ச் செல்கள்,
பெருவிரல் ரேகையைப் போல,
நடுநடுவே மணல்மணிகள்.
அழகு என்று சொல்லலாம், யாரும் கேட்காவிட்டால்.
அவள் தோள் இறங்குகிறது.
தொலைபேசியை எடுக்கிறாள்.

"தீங்கற்றது."
மறுமுனையில் இயந்திரங்கள் மட்டும் சத்தமிடுகின்றன.
பிறகு மருத்துவர்:
"தீங்கற்றதுதான். பார்வை நரம்பைக்
கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறது.
முழுசாய் எடுத்தால் இடது கண் போய்விடும்.
விட்டால் மறுபடி வளரும்."
அவள் ஏதோ சொல்லப் பார்க்கிறாள்.
தொடையில் இடித்தால் தசை கொஞ்சம் தள்ளி உட்காரும்.
மண்டையோட்டுக்குள் யார் எங்கே தள்ளி உட்காருவது?
"சரி, நன்றி" என்கிறார் அவர். வைத்துவிடுகிறார்.

மூன்று அறிக்கை.
தச்சன் இன்று மாலை உயிலைக் கிழிக்கலாம்,
கால்சட்டையைப் பிடித்துத் தைக்கலாம்.
நீச்சல்காரிக்கு வியாழக்கிழமை போன் வரும்,
போட்டிக்கு முன்பா பின்பா என்று
யாரோ யோசித்துக்கொண்டிருப்பார்கள்.
மூன்றாவதில் 'தீங்கற்ற கட்டி' என்று அடித்துவிட்டு
விரல் அங்கேயே நிற்கிறது.
அந்தப் பெட்டியில் வேறு சொல்லுக்கு இடமில்லை.
கையெழுத்திடுகிறாள்.

பதில் சொல்லி முடித்த தகட்டை
ஏனோ திரும்ப வைத்துப் பார்க்கிறாள்.
ஓரம் தெளிவாகத்தான் இருக்கிறது.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
கீழே இல்மோவின் வழித்தடத்தில் வேறு யாரோ
மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டுப் பனியைத் தள்ளிக்கொண்டு போகிறார்.
தள்ளியது சேர
சாலையின் இரு பக்கமும் இடம் இருக்கிறது.